ஆல்மா தாமஸும் ஜன்னலோர ஹாலி மரமும்

வாஷிங்டன் நகரின் வடமேற்குப் பகுதியில், 15ஆம் தெருவில், 1530 என்ற கதவெண் கொண்ட செங்கல் வீடு ஒன்று இருக்கிறது. 1907இல் ஜார்ஜியா மாநிலத்துக் கொலம்பஸ் ஊரிலிருந்து ஒரு கறுப்பினக் குடும்பம் அங்கே குடிவந்தது. அப்பா, அம்மா, நான்கு பெண்கள். மூத்தவளுக்கு அப்போது 15 வயது. நடுவில் வேலைக்காகச் சில ஆண்டுகள் வெளியூரில் இருந்ததைக் கழித்தால், 1978இல் இறக்கும்வரை அவருக்கு அதுதான் வீடு. அவர் பெயர் ஆல்மா தாமஸ், அமெரிக்க ஓவியர்.

அந்த வீட்டின் முன்னறையில், சுவரைவிட்டு வெளியே புடைத்து நிற்கும் பெரிய ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே ஒரு ஹாலி மரம், விளிம்பில் முள்வைத்த பளபளப்பான இலைகளோடு. 1960களின் நடுவில், எழுபதைத் தாண்டிய ஆல்மா தாமஸ் அந்த மரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். காற்றில் இலைகள் அசைய, இடுக்குகளின் வழியே வெளிச்சம் துண்டு துண்டாகக் கண்ணாடியில் விழுகிறது. மூட்டுவாதம் கைகளைப் பிடித்திருந்தது. ஓவியத்தை விட்டுவிடலாமா என்றுகூட அவர் யோசித்திருந்த நேரம். அவர் படித்த ஹோவர்ட் பல்கலைக்கழகம் அவருடைய ஓவியங்களைத் தொகுத்துக் கண்காட்சி வைக்க அழைத்திருந்தது. அதுவரை செய்யாத ஒன்றைச் செய்ய வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தபோது பதில் ஜன்னலில் அசைந்துகொண்டிருந்தது. அவரே பிற்காலப் பேட்டிகளில் இப்படித்தான் சொன்னார்.

ஆல்மா தாமஸைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்தக் கதையைச் சொல்கிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை ஜன்னலைப் பார்த்தார், உடனே மேதையானார் என்று முடித்துவிடுகிறார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஜன்னலருகே வேலை நாள் காலையில் உட்காருவதற்கு அவர் 68 வயதுவரை காத்திருக்க வேண்டியிருந்தது என்ற கணக்கு அதில் வருவதில்லை. எனக்கு அந்தக் கணக்குதான் முக்கியமாகப் படுகிறது.

ஆல்மா 1891 செப்டம்பர் 22 அன்று கொலம்பஸில் பிறந்தார். அப்பா வியாபாரி. அம்மா தையற்கலையில் தேர்ந்தவர், உடைகளை வடிவமைத்துத் தைப்பவர். வீட்டில் வசதிக்குக் குறைவில்லை. ஊரில்தான் வழியில்லை. கறுப்பினப் பிள்ளைகள் படிக்க அங்கே அரசு உயர்நிலைப் பள்ளி கிடையாது. நூலகத்துக்குள் நுழைய முடியாது. 1906இல் அதே மாநிலத்தின் அட்லாண்டாவில் வெள்ளையினக் கும்பல் கறுப்பினத்தவரை வேட்டையாடியது. மறுவருடம் தாமஸ் குடும்பம் புறப்பட்டுவிட்டது. வாஷிங்டனை எட்டும் நேரத்தில், காலணிகளைக் கழற்றி ஜார்ஜியா மண்ணைத் தட்டிவிடுமாறு அம்மா பெண்களிடம் சொன்னதாக அந்தக் குடும்பத்தில் ஒரு கதை உண்டு.

வாஷிங்டனிலும் நிறப் பிரிவினை இருந்தது. ஆனாலும் கறுப்பினத்தவருக்கான நல்ல பள்ளிகள் இருந்தன. ஆம்ஸ்ட்ராங் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளியில் ஆல்மாவுக்குக் கணக்கும் கட்டட வரைகலையும் பிடித்துப்போயின. கட்டடக் கலைஞராக ஆசைப்பட்டார். அட்டையில் அவர் செய்த ஒரு பள்ளிக்கூட மாதிரி 1912இல் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. ஆனால் 1912இல் ஒரு கறுப்பினப் பெண்ணுக்குக் கட்டடம் கட்டும் வேலையை யார் கொடுப்பார்கள்? ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து 1913இல் படிப்பை முடித்தார். டெலவேர் மாநிலத்து வில்மிங்டனில் ஒரு சமூக நல இல்லத்தில் சில ஆண்டுகள் பிள்ளைகளுக்குக் கைவேலை கற்றுக்கொடுத்தார். 1921இல் வாஷிங்டனுக்குத் திரும்பி, மனையியல் படிக்க ஹோவர்டில் சேர்ந்தார். மேடை உடை வடிவமைப்பு கற்பதுதான் நோக்கம். அங்கே ஜேம்ஸ் ஹெரிங் என்ற ஓவியப் பேராசிரியர் புதிதாக ஒரு கலைத்துறையைத் தொடங்கியிருந்தார். ஆல்மாவின் கையைக் கவனித்த அவர் தன் துறைக்கு இழுத்துக்கொண்டார். 1924இல் அந்தத் துறையின் முதல் பட்டதாரியாக ஆல்மா வெளியே வந்தார்.

அதன்பின் 35 ஆண்டுகள் அவர் பணியாற்றியது ஒரே பள்ளியில், ஷா ஜூனியர் உயர்நிலைப் பள்ளியில். மாணவர்கள் கறுப்பினப் பிள்ளைகள். பாடம் ஓவியம்.

இந்த 35 ஆண்டுகளை அவருடைய வரலாற்றில் பலர் ஒரே வரியில் தாண்டிப் போகிறார்கள். அவர் அந்த ஆண்டுகளில் சும்மா இருக்கவில்லை. கோடை விடுமுறைகளில் நியூயார்க் போய்ப் படித்து 1934இல் கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியில் முதுகலைப் பட்டம் பெற்றார். மறு கோடையில், புகழ்பெற்ற பொம்மலாட்டக்காரர் டோனி சார்க்கிடம் நூற்பாவைக் கலை பயின்றார். அன்றைய வாஷிங்டனில் நேஷனல் தியேட்டர் கறுப்பினப் பார்வையாளர்களை உள்ளே விடுவதில்லை. ஆல்மா தாமஸ் தன் மாணவர்களோடு பாவைகள் செய்து, உடை தைத்து, நாடகங்களை அவர்களிடமே கொண்டுவந்தார். பள்ளியிலேயே ஓவியங்களைத் தொங்கவிட்டுக் காட்சிக்கூடம் நடத்தினார். 1943இல் ஹெரிங்கும் அலோன்சோ ஏடனும் ஒரு வீட்டில் தொடங்கிய பார்னெட்-ஏடன் காட்சிக்கூடத்துக்கு ஆல்மா துணைத் தலைவர். நகரமே நிறம் பார்த்துப் பிரிந்து கிடந்த காலத்தில் அங்கே கறுப்பின, வெள்ளையின ஓவியர்களின் படங்கள் ஒரே சுவரில் தொங்கின. அதன் சுவர்களில்தான் அவர் நவீன ஓவியத்தை அருகிலிருந்து பார்த்தார்.

தாமே வரைவது மாலைகளிலும் விடுமுறைகளிலும் மட்டும்தான். காய்கனி, பூச்சாடி, தெருக்காட்சி என்று நேர்த்தியான, பள்ளி ஆசிரியைக்குரிய படங்கள். யாரும் அவற்றுக்காக அவரை நினைவில் வைத்திருக்கப் போவதில்லை. 1950இல், 59 வயதை நெருங்கும்போது, அமெரிக்கன் பல்கலைக்கழகத்தில் ஓவிய வகுப்புகளில் சேர்ந்தார். அங்கே கற்பித்தவர்கள் அவரைவிட இளையவர்கள். அவர்களில் ஜேக்கப் கைனன் பிறகு நெடுநாள் நண்பரானார். அந்தப் பத்தாண்டுகளில் பூச்சாடிகள் மெல்லக் கரைந்து, அடர்த்தியான எண்ணெய் வண்ணப் பூச்சுகளாக மாறின. உருவங்களைக் காட்டாத அரூப ஓவியம் அவருக்குள் வந்தது இப்படித்தான், ஒவ்வொரு வாரமாக, வீட்டுப்பாடம் மாதிரி.

அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. தனக்குத் தெரிந்த இளைஞர்களுக்குக் கலையில் அக்கறையில்லை, தனக்கோ அதைத் தவிர வேறெதிலும் ஆர்வமில்லை, அதனால் சுதந்திரமாக இருந்துவிட்டேன் என்று 80 வயதில் சொன்னார். வீட்டுக்கு எப்போது வந்தாலும் கேட்க ஆளில்லையாம். 1960இல் ஓய்வுபெற்றார். கையில் ஓய்வூதியம், தலைக்கு மேல் சொந்தக் கூரை, கூடவே வசிக்கும் தங்கை ஒருவர். எந்த ஓவியக் கல்லூரியும் கற்றுத்தராத விஷயம் இது. புகழ்பெற்ற அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக் 44 வயதிலேயே இறந்துவிட்டார். ஆல்மா தாமஸுக்கு முழு நாள் ஓவியம் தொடங்கியதே 68 வயதில்.

இனி ஹாலி மரத்துக்கு வருவோம்.

1966 வாக்கில் பிறந்த அந்தப் பாணியைச் சொல்வது எளிது: வெள்ளை அல்லது இளநிறப் பரப்பின்மேல், கட்டைவிரல் அளவுக்குச் சற்றுக் கூடக்குறைய, தூரிகையால் ஒற்றிய வண்ணத் துண்டுகள். அவை வரிசை வரிசையாகக் கீழிறங்கும், அல்லது வளையம் வளையமாக விரியும். துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே சிறு இடைவெளி. மொசைக் தரையைப் போலத் தோன்றும், ஆனால் அசையும். அந்த அசைவுக்குக் காரணம் இடைவெளிகள். இலை இடுக்கில் தெரியும் வானத்தைப் போல அவை அகன்றும் குறுகியும் வருகின்றன, எதுவும் ஒரே அளவில் இல்லை.

தள்ளி நின்று பார்த்தால் மனம்போன போக்கில் ஒற்றியதுபோல் இருக்கும். நெருங்கினால் பென்சில் கோடுகள் தெரியும். கட்டட வரைகலை படித்த பெண் அங்கே இருக்கிறார். முதலில் நீர்வண்ணத்தில் சிறிய மாதிரிகள் செய்வார். அவற்றை வெட்டி, இடம் மாற்றி, ஒட்டிப் பார்ப்பார். பிறகு கான்வாஸில் பென்சிலால் கோடிட்டு, அக்ரிலிக் வண்ணத்தைத் துண்டு துண்டாக வைப்பார். சில ஓவியங்களில் வெள்ளை இடைவெளி கான்வாஸின் வெறும் பரப்பு இல்லை. வண்ணத் துண்டின் விளிம்பைத் திருத்துவதற்காக மேலே பூசிய வெள்ளை அது. இது பொறுமையின் வேலை. தனி ஓவியக்கூடம் என்று அவருக்கு எதுவும் கிடையாது. முன்னறையும் சமையலறையும்தான். பெரிய கான்வாஸ்களை மடியிலும் சோபாவிலும் சாய்த்து, பக்கம் பக்கமாகத் திருப்பி வரைந்தார்.

1969இல் வரைந்த ‘ஐரிஸ், டியூலிப், ஜான்குவில், குரோக்கஸ்’ என்ற ஓவியம் இன்று வாஷிங்டனில் பெண் கலைஞர்களுக்கான தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நான்கு பூக்களின் பெயர் தலைப்பில் உண்டு. படத்தில் ஒரு பூவும் கிடையாது. செங்குத்தான பட்டைகள், ஒவ்வொன்றும் ஒரு நிறம், ஒவ்வொரு பட்டையும் சிறு ஒற்றுகளால் ஆனது. விமானத்திலிருந்து பார்த்தால் கீழே இருப்பது என்ன பூ என்று தெரியாது, நிறத்தின் கீற்று மட்டும்தான் தெரியும் என்று அவர் விளக்கியிருக்கிறார். அந்த வார்த்தையை நம்பிப் பார்த்தால் படம் சட்டென்று திறந்துகொள்கிறது: பாத்திகள்மேல் தாழ்வாகப் பறக்கிறோம்.

அதே வாஷிங்டனில் அப்போது ஓர் ஓவியக் குழு பேர்வாங்கிக்கொண்டிருந்தது. மோரிஸ் லூயிஸ், கென்னத் நோலண்ட், ஜீன் டேவிஸ் முதலான ஆறு பேரின் படங்களை வைத்து 1965இல் நடந்த ஒரு கண்காட்சியிலிருந்து ‘வாஷிங்டன் வண்ணப் பள்ளி’ என்ற பெயர் நிலைத்தது. நிறமே பொருள், வேறு கதை வேண்டாம் என்பது அவர்கள் கொள்கை. அந்தக் கண்காட்சியில் ஆல்மா தாமஸ் இல்லை. அவருடைய பாணி அப்போது இன்னும் பிறக்கவில்லை என்பதால் அதற்காக யாரையும் குறைசொல்ல முடியாது. பிறகு விமர்சகர்கள் அவரையும் அந்தக் குழுவில் சேர்த்து எழுதினார்கள். பாதிதான் சரி. லூயிஸும் நோலண்டும் பூச்சில்லாத கான்வாஸில் வண்ணத்தை ஊறவிட்டார்கள். கையின் தடம் தெரியக்கூடாது என்பது அவர்கள் விருப்பம். ஆல்மா தாமஸின் படத்தில் தெரிவதே கைதான், நடுங்கும் இடம் உட்பட. சுவிஸ் ஓவியர் ஜொஹானஸ் இட்டனின் வண்ணக் கோட்பாட்டை ஊன்றிப் படித்தவர் அவர். ஆனாலும் கோட்பாட்டை நிரூபிக்க அவர் வரையவில்லை. தோட்டம் அவருக்குத் தோட்டமாகவே இருந்தது.

பூவுக்கு அடுத்து விண்வெளி. 1969 மே மாதம் அப்போலோ 10 சந்திரனைச் சுற்றிவந்தது. அதன் சந்திரக் கலத்துக்கு ‘ஸ்னூப்பி’ என்று செல்லப்பெயர். ஜூலையில் மனிதன் சந்திரனில் கால்வைத்தான். குதிரை வண்டிக் காலத்தில் பிறந்தவர் இதையெல்லாம் தொலைக்காட்சியில் பார்த்துப் பரவசமானார். ஸ்னூப்பியின் கண்ணில் பூமி எப்படித் தெரிந்திருக்கும் என்று தொடர்ச்சியாக வரைந்தார். 1970 மார்ச் 7 அன்று அமெரிக்கக் கிழக்குக் கரையோரம் முழுச் சூரிய கிரகணம் வந்தது. ‘கிரகணம்’ என்ற அவர் படத்தில் கருநீல வட்டு நடுவிலிருந்து விலகி நிற்கிறது. அதைச் சுற்றி வண்ண வளையங்கள் விளிம்பைத் தாண்டி ஓடுகின்றன. வட்டை நடுவில் வைத்திருந்தால் அழகான கோலமாக நின்றிருக்கும். விலக்கி வைத்ததால் சூரியனை ஏதோ ஒன்று கடந்துகொண்டிருக்கிறது.

ஒரு சங்கடமான கேள்வியும் உண்டு. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டபோது வாஷிங்டனின் 14ஆம் தெரு பற்றி எரிந்தது. ஆல்மாவின் வீட்டுக்கு அடுத்த தெரு அது. கறுப்பினக் கலை என்றால் போராட்டத்தைக் காட்ட வேண்டும், மக்களின் முகத்தைக் காட்ட வேண்டும் என்று இளம் கலைஞர்கள் வலியுறுத்திய காலம். அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு கறுப்பினப் பெண் பூக்களை வரைவதா? கறுப்பினத்தவர் சம உரிமை கோரிய 1963 வாஷிங்டன் பேரணியில் அவர் கலந்துகொண்டார், அதை ஓவியமாகவும் தீட்டினார். அதற்குமேல் அந்த வழியில் போகவில்லை. மனிதன் மனிதனுக்குச் செய்யும் கொடுமையைவிட அழகிலும் மகிழ்ச்சியிலும் கவனம் செலுத்தவே நிறத்தை நாடினேன் என்று 1970இல் சொன்னார். இதை வைத்து அவரை அரசியலற்றவர் என்று ஒதுக்கியவர்களும் உண்டு. 35 ஆண்டுகள் ஷா பள்ளியில் பாடம் நடத்தியதும், பார்னெட்-ஏடன் சுவரில் இரு நிறத்தவரையும் சேர்த்துத் தொங்கவிட்டதும் அரசியல் இல்லையென்றால் எது அரசியல் என்று எனக்குப் புரியவில்லை. படத்திலும் அதே அரசியல் இருந்தாக வேண்டும் என்று வெள்ளையின ஓவியர்களை யாரும் கேட்டதில்லை.

ஆனால் மற்றவர்களின் போராட்டம் அவருக்குக் கதவைத் திறந்தது என்பதையும் மறைக்கக்கூடாது. நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் கறுப்பினக் கலைஞர்களைப் புறக்கணிக்கிறது என்று கலைஞர்கள் தெருவில் நின்றார்கள். 1971இல் அங்கே நடந்த கறுப்பினக் கலைக் கண்காட்சியிலிருந்து பலர் தங்கள் படங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அந்தச் சூட்டின் நடுவேதான், 1972 வசந்தத்தில், ஆல்மா தாமஸுக்கு அங்கே தனிக் கண்காட்சி கிடைத்தது. விட்னியில் தனிக் கண்காட்சி கண்ட முதல் கறுப்பினப் பெண் அவர். வயது 80. கொலம்பஸில் சிறுமியாக இருந்தபோது அருங்காட்சியகத்துக்குள் போகவே முடியாது, அங்கே படம் தொங்கவிடுவதை எங்கே நினைப்பது, இப்போது என்னைப் பாருங்கள் என்று அப்போது ஒரு பேட்டியில் சொன்னார். அதே ஆண்டு வாஷிங்டனின் கோர்கொரன் காட்சிக்கூடத்திலும் அவர் படங்கள் தொகுத்து வைக்கப்பட்டன. செப்டம்பர் 9ஆம் தேதியை ‘ஆல்மா தாமஸ் நாள்’ என்று மேயர் அறிவித்தார்.

அவர் இறந்து 31 ஆண்டுகள் கழித்து ஒரு சர்ச்சை வந்தது. 2009இல் ஒபாமா குடும்பம் வெள்ளை மாளிகைக்கு இரவல் வாங்கிய ஓவியங்களில் ஆல்மாவின் ‘வாட்டூசி’யும் ஒன்று. 1963இல், பாணி பிறப்பதற்கு முன் வரைந்தது. வெட்டுத்தாள்களால் பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் 1953இல் செய்த ‘நத்தை’யை அப்படியே திருப்பி வைத்து நிறம் மாற்றியிருக்கிறார், இது காப்பி என்று இணையத்தில் சிலர் கூச்சலிட்டார்கள். மத்தீஸிலிருந்து எடுத்தது என்பது உண்மை. முன்னோர் படத்தை முன்வைத்து வரைந்து பழகுவது ஓவியர்களின் பழைய வழக்கம். 71 வயதில் தன் வடிவத்தைத் தேடிக்கொண்டிருந்த ஒருவர், துண்டு துண்டான வண்ணம் எப்படி நிற்கிறது என்று கையால் படித்துப் பார்த்த படம் அது. அந்தப் பாடம் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை ‘கிரகணம்’ சொல்லும். ‘வாட்டூசி’ சுவரில் பொருந்தவில்லை என்ற காரணத்தோடு திருப்பி அனுப்பப்பட்டது. ஆனால் 2015இல் வெள்ளை மாளிகையின் பழைய குடும்ப உணவறையில் அவருடைய ‘உயிர்த்தெழுதல்’ மாட்டப்பட்டது. நடுவிலிருந்து வளையம் வளையமாக விரியும் 1966ஆம் ஆண்டுப் படம். இந்தமுறை இரவல் இல்லை. வெள்ளை மாளிகையின் நிரந்தரத் தொகுப்பில் இடம்பெற்ற முதல் கறுப்பினப் பெண் ஓவியரின் படைப்பு அது. 2019இல் அவருடைய இன்னொரு ஓவியம் நியூயார்க் ஏலத்தில் 26 லட்சம் டாலருக்கு மேல் போனது. அவர் வாழ்ந்தது ஆசிரியை ஓய்வூதியத்தில்.

1974இல் இடுப்பெலும்பு முறிந்தது. வெகுநாள் தூரிகை எடுக்க முடியவில்லை. கண்பார்வையும் மங்கிக்கொண்டிருந்தது. 1976இல் அவர் முடித்த ஓவியத்தின் பெயர் ‘ராக் அண்ட் ரோல் இசைக்குப் பாடி ஆடும் சிவப்பு அசேலியாக்கள்’. 84 வயதில் வைத்த தலைப்பு. ஒரே கான்வாஸில் அடங்கவில்லை, மூன்றைச் சேர்த்து 6 அடி உயரம், சுமார் 13 அடி அகலம். இன்று ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பழைய படங்களில் நிறங்கள் பல, ஒற்றுகள் ஒரே சாயல். இங்கே நிறம் ஒன்றுதான், சிவப்பு, வெள்ளையின் மேல். வடிவங்களோ ஆப்பாகவும் பிறையாகவும் வளைந்த கீற்றாகவும் கலைந்து கிடக்கின்றன. ஓரிடத்தில் நெருக்கியடித்து நிற்கின்றன, இன்னோரிடத்தில் இடைவெளி விட்டு விலகுகின்றன. வரிசையை அவரே கைவிட்டாரா, கை வரிசைக்கு வர மறுத்ததா என்று பிரிக்க முடியவில்லை. இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1978 பிப்ரவரி 24 அன்று, ஹோவர்ட் பல்கலைக்கழக மருத்துவமனையில் அவர் இறந்தார். 15ஆம் தெரு வீடு இன்று வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டில் இருக்கிறது, புடைத்த முன்ஜன்னலோடு.